மூலவர் உபயம்

பழிவாங்குவது உடம்புக்குக் கூடாது என்று என் கணவர் சொல்லுவார். அவருக்குக் கோபமே வராது. வந்தாலும் ஒரு பிளேன்ரீ குடித்தால் போய்விடும். எனக்கு அப்படிப் போகாது. என்னுடைய கோபம் நெல்லு மாதிரி. ஈரத்தோடு கட்டினால்தான் புழுங்கிப் பழுதாகும். நன்றாகக் காயவிட்டுக் கட்டி வைத்தால் வருசக் கணக்கில் கிடக்கும். வட்டக்கச்சியில் அரிசி ஆலை வைத்திருக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம்.

இது என் அப்பாவின் கடதாசிகளையும் ஒரு கல்லையும் நான் காப்பாற்றிய கதை. ஒரு மனிதரை விடாமல் பிடித்த கதையும் இதுதான். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்பா புவிச்சரிதவியலாளர். ஊர் அவரைக் 'கல்லு எஞ்சினியர்' என்றது. திணைக்களத்தில் வேலை செய்த காலம் முழுக்க வன்னிக் காட்டுக்குள் துளை போட்டுக்கொண்டு திரிந்தவர். முல்லைத்தீவுக் கரையில் கருமணல், ஒட்டுசுட்டான் பக்கம் ஓடு சுடும் களி, நெடுங்கேணிப் பக்கம் கரும்பாறை என்று மண்ணுக்குக் கீழே என்ன கிடக்கிறது, எடுத்தால் பிரயோசனப்படுமா என்று பார்த்து எழுதுவது அவருடைய வேலை. வைரப்பல் வைத்த இரும்புக் குழாய் சுழன்று சுழன்று பாறைக்குள் இறங்கும். மேலே இழுக்கும்போது குழாய்க்குள் உருளையாகக் கல் இருக்கும், உலக்கையை முழம் முழமாக அரிந்து எடுத்த மாதிரி. துளைக்கல் என்று அப்பா எழுதுவார். கூட வேலை செய்தவர்கள் 'கோர்' என்பார்கள். அதை மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு துண்டிலும் துளை இலக்கத்தையும் ஆழத்தையும் சிவப்புப் பெயின்ற்றால் எழுதி, கீழ்ப்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும் போட வேண்டும். அம்புக்குறி முக்கியம். வெளியே எடுத்த பிறகு கல்லுக்குத் தலை எது கால் எது என்று ஒருவருக்கும் தெரியாது.

இலக்கம் எழுதியவர் அப்பாவுக்குக் கீழே வேலை பழகிய ஓர் இளந்தாரி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஏழு எழுதினால் நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு போடுவார். அப்படி எழுதுவதை நான் அவரிடம்தான் முதலில் கண்டேன். அதைப் பார்த்துப் பழகி, நான் பள்ளிக்கூடக் கொப்பியில் போட்டு, ஆசிரியையிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். எங்கள் குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார். அப்பாவைச் சேர் என்பார், என்னைத் தங்கச்சி என்பார். நான் அவரை அண்ணா என்றேன். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், பழகிய வாய்.

அவர் கலியாணம் கட்டியபோது பெண் வீட்டார் யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் அலுமாரி அனுப்பினார்கள். தேக்கு. கதவில் முட்டை வடிவத்தில் பெரிய கண்ணாடி. அதை வீட்டுக்குள் ஏற்ற ஆள் காணாமல் அப்பா ஒரு மூலையைப் பிடித்தார், நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். அந்த அலுமாரியை மறக்க வேண்டாம். பிறகு வரும்.

கடைசி இடப்பெயர்வில் எல்லாரையும் போல நாங்களும் கிளம்பினோம். கடதாசிகள் எங்களோடு வந்தன. துளைகளின் விபரப் பதிவுகள், கையால் வரைந்த வரைபடங்கள், ஆய்வுகூட முடிவுகள் எல்லாவற்றையும் உரப்பைக்குள் திணித்து, வாய்கட்டி, லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். அதற்காக அம்மா ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வந்தா. அதைச் சாகும் வரைக்கும் சொல்லிக்காட்டினா. துளைக்கற்கள் பாரம். ஒரு பெட்டியைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். நல்ல பெட்டிகளாகத் தெரிந்தெடுத்து, அண்ணா ஒழுங்கு பண்ணிய ட்ராக்டர் பெட்டியில் அடுக்கி, தறப்பாள் போட்டு மூடி, "கவனமாக் கொண்டு வாரும்" என்று சொல்லிவிட்டு அப்பா எங்களோடு வந்தார்.

சில நாள் கழித்து அண்ணா நாங்கள் இருந்த தறப்பாள் கொட்டிலுக்கு வந்தார். மழையில் தெப்பமாக நனைந்திருந்தார்.

"சேர், ஷெல் விழுந்திட்டுது. பெட்டியெல்லாம் சிதறிப் போச்சு. ஒரு கல்லும் மிஞ்சேல்ல."

அழுதார். அப்பா அவருடைய தோளைப் பிடித்து, "அதை விடும். நீர் தப்பினது காணும்" என்றார். எங்களிடம் காய்ந்த உடுப்பு என்று இருந்தது அப்பாவின் ஒரு சாரம் மட்டும். அதை எடுத்து அவருக்குக் கட்டக் கொடுத்தார். அப்பா அன்று முழுக்க ஈரச் சாரத்தோடு இருந்தார்.

திரும்பி வந்து, ஆலையைக் கட்டி, கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு நான் கடதாசிகளைக் கையில் எடுத்தேன். உரப்பையைத் திறந்தபோது புளித்த மணம். தாளோடு தாள் ஒட்டிக் கிடந்தது. நெல்லுக் காயவிடுகிற எனக்குக் கடதாசி காயவிடத் தெரியாதா? வெயிலில் போட்டால் மை வெளிறும் என்று ஆலைக்குள் நிழலில் சாக்கு விரித்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, மூலைக்குக் கல்லு வைத்துக் காயவைத்தேன். வரைபடங்களைச் சுருட்டிக் குழாய்க்கிணற்றுக்குப் போடும் பிளாஸ்ரிக் குழாய்களுக்குள் விட்டு இரண்டு பக்கமும் மூடி போட்டேன். மற்றவற்றை இறுகிய மூடியுள்ள நீலப் பரல்களில் வைத்து, ஈரம் இழுக்க உமிச்சாம்பலைத் துணியில் முடிந்து உள்ளே போட்டேன். ஆலையின் பின் அறை ஆவண அறையானது. அப்பா பின்னேரங்களில் அங்கே இருந்து ஒவ்வொரு தாளுக்கும் விளக்கம் சொல்லுவார், நான் எழுதுவேன். நல்ல காலம் அது.

அந்தத் தொகுப்பை ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க அப்பா ஆசைப்பட்டார். தான் போன பிறகு எலிக்கும் கறையானுக்கும் போகக் கூடாது, படிக்கிற பிள்ளைகள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. காப்பகத்தார் வந்து பார்த்தார்கள், மெச்சினார்கள். பிறகு வழக்கம்போல ஒரு நிபுணரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். நிபுணர் யார்? எங்கள் அண்ணா. அதற்குள் அவர் வெளிநாட்டில் படித்து, கலாநிதியாகி, வவுனியாவில் பெரிய வீடு கட்டி, கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்லுகிறவராகி இருந்தார். அப்பா சந்தோசப்பட்டார். "எங்கட பெடியன்தானே பாக்கிறான்" என்றார்.

எங்கட பெடியன் எழுதினார்: துளைக்கற்கள் யாவும் யுத்தத்தில் அழிந்துவிட்டபடியால் இந்தப் பதிவுகளைச் சரிபார்க்க வழியில்லை; சரிபார்க்க முடியாதவற்றை விஞ்ஞானத் தொகுப்பாக ஏற்பது உகந்ததல்ல.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு தரம் வாசித்தார். "சரிதானே. கல்லைக் காட்டாட்டி ஆர் நம்புவினம்?" என்றார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் போகவில்லை. பின்னேரங்களில் ஆலை வாசலில் கதிரை போட்டு, வருகிற போகிற லொறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தக் கடிதம் அப்பாவைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். சலரோகமும் வயசும்தான் கொன்றன. ஆனால் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்ற நினைப்போடு போய்ச் சேர்ந்தார். அதற்கு அந்தக் கடிதம்தான் பொறுப்பு.

செத்தவீட்டுக்கு அண்ணா வந்தார். என்னைக் கட்டிப்பிடித்து, "எனக்கும் அப்பா போல தங்கச்சி" என்றார். அப்போது எனக்கு அவர்மேல் மனவருத்தம் மட்டும்தான். பழி என்று ஒன்றும் இல்லை.

எங்கள் லொறி புதுக்குடியிருப்புப் பக்கம் நெல் ஏற்றப் போனால் தர்மபுரம் தாண்டி ஒரு மருத மரத்தடியில் நிற்கும். அங்கே ஒரு வைரவர் இருக்கிறார். கூரையில்லாத சின்ன இடம், ஒரு சூலம், ஒரு கல். பக்கத்தில் தேத்தண்ணிக் கடை. லொறிக்காரர் இறங்கிக் கற்பூரம் கொளுத்திப் போட்டு, வீபூதி பூசிக்கொண்டு வருவார். நான் இறங்குவதில்லை. கச்சான் கொறித்துக்கொண்டு உள்ளேயே இருப்பேன். பக்தி விசயத்தில் நான் அப்பாவின் பிள்ளை.

அப்பா போய் அடுத்த வருசம் ஒரு நாள் என்ஜின் சூடேறி லொறி அங்கேயே நின்றுவிட்டது. இறங்கித்தான் ஆக வேண்டும். வைரவருக்கு அன்று முழுக்கு. கடைக்காரம்மா வெள்ளிக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு, சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தா. கறுப்பு உருளைக் கல். ஒரு முழ உயரம். உடம்பெல்லாம் மிளகளவில் சிவப்புக் கார்னெட் மணிகள். கடைந்தெடுத்த மாதிரி மழமழப்பு.

நான் அந்தக் கற்களுக்கு நடுவில் வளர்ந்தவள். சின்ன வயதில் அவற்றை உருட்டி விளையாடி அப்பாவிடம் அடி வாங்கியவள். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். அடிப்பக்கத்தில், சந்தனம் கழுவுப்பட்ட இடத்தில், மங்கின சிவப்பில் எழுத்து. தலைகீழாக இருந்தது. கழுத்தைத் திருப்பி வாசித்தேன். நெடுங்கேணித் துளை. 117. ஏழின் நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. அம்புக்குறி வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வைரவரைத் தலைகீழாக நட்டிருந்தார்கள்.

"இந்தச் சாமி எங்கயிருந்து வந்தது அம்மா?" என்று கேட்டேன்.

அவா மலையகத்தில் இருந்து அந்தக் காலத்திலேயே வந்து தர்மபுரத்தில் குடியேறிய குடும்பம். பேச்சில் இன்னும் மலை இருக்கிறது.

"அது தானா வந்த சாமிங்க. ஓடிக்கிட்டிருந்த நேரம். நாங்க இந்த மரத்தடியிலதான் ஒதுங்கியிருந்தோம். ஒரு டிராக்டர் வந்து நின்னுச்சு. பொட்டி பொட்டியா கல்ல எறக்கி ஓரமா தள்ளுனாங்க. அப்புறம் பின்னால வந்த வண்டியில இருந்து ஊட்டுச் சாமானெல்லாம் இதுல மாத்தி ஏத்துனாங்க. பெரிய பீரோ ஒண்ணு, கதவுல முட்டை மாதிரி கண்ணாடி வச்சது. அத ஏத்தறப்போ அந்தக் கண்ணாடியில என் மொகம் தெரிஞ்சுச்சு. தல பூரா நரைச்சுப் போயிருந்துச்சுங்க. எனக்கே தெரியல, எப்ப நரைச்சுச்சுன்னு. அதனாலதான் மறக்கல."

"ஷெல் விழேல்லையா?"

"அன்னைக்கு இல்லீங்க. சனம் பொட்டிய ஒடச்சு அடுப்பெரிச்சுது. கல்லு அப்படியே கெடந்துச்சு. இது ஒண்ணு மட்டும் லிங்கம் மாதிரி அழகா இருந்துச்சா, எடுத்து நட்டேன். மத்ததெல்லாம் அப்புறம் ரோடு போட வந்தவங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. புள்ளைங்களோட உசுரோட திரும்பி வந்தா இங்கயே இருந்து வௌக்கு வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். வந்துட்டோம்."

முட்டைக் கண்ணாடி வைத்த அலுமாரி. அண்ணாவின் மகனின் கலியாணத்துக்கு வவுனியா போனபோது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் தலை வாரினேன். "இது மட்டும் எப்படியோ தப்பிச்சுது தங்கச்சி" என்று அவர் அப்போது சொன்னது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து பரலைத் திறந்து அந்தத் துளையின் பதிவை எடுத்தேன். நூற்றிப் பதினேழாவது அடிக்கு நேரே அப்பாவின் சாய்ந்த எழுத்து: கரும்பாறை, சிவப்புக் கார்னெட், மிளகளவு, நிறைய. அப்பா எழுதியது சரி. எழுதியபடியே கல் மருத மரத்தடியில் நிற்கிறது. ஆலை ஓடுகிற சத்தத்துக்குள் நான் போட்ட கூச்சல் வெளியில் கேட்டிருக்கிறது. யாரோ இயந்திரப் பட்டிக்குள் கையை விட்டுவிட்டார்களாக்கும் என்று கணவர் ஓடிவந்து ஆலையை நிறுத்தினார்.

அலுமாரியை ஏற்றியதற்காக நான் அவரைப் பழிவாங்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ரோட்டில் எவர் எதை ஏற்றினார், எதை இறக்கினார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இறக்கிவிட்டேன் சேர், மனைவி அழுதா, மனம் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அப்பா, "பரவாயில்ல, எந்த இடம் எண்டு ஞாபகம் வைச்சிரும்" என்று சொல்லியிருப்பார். திரும்பி வந்த முதல் மாதமே போய்ப் பொறுக்கியிருப்பார். பொய் சொன்னது ஒரு பக்கம். அந்தப் பொய்யை யாரும் தேடிப் போகாமல் இருக்க, கல் அழிந்தது என்று கையெழுத்துப் போட்டு அப்பாவின் வேலைக்கும் மண் போட்டாரே, அதற்குத்தான்.

காப்பகத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. கல் கிடைத்தது மகிழ்ச்சி, ஆனால் அது அந்தத் துளையில் இருந்து வந்தது என்பதை யார் உறுதிப்படுத்துவது? இலக்கம் எழுதியவர் தன் கையெழுத்துத்தான் என்று எழுதித் தந்தால் போதும், ஒன்றாவது பொருந்தினால் முழுத் தொகுப்பையும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றிருந்தார்கள். அதாவது அப்பாவின் முழு வேலையும் இப்போது அவருடைய ஒரு கையெழுத்தில் தொங்கியது. தொலைபேசியில் கேட்டால் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். "எத்தினை கல்லு அப்பிடி இருக்கும் தங்கச்சி" என்பார். நேரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தனியாக இல்லை, சனத்துக்கு முன்னால்.

வழியைக் கடைக்காரம்மாதான் காட்டினா. அவாவுக்கு ஒரு வஞ்சகமும் தெரியாது. அந்தச் சாமியை இறக்கியவரை எனக்குத் தெரியும் என்று சொன்னவுடன் அவாவின் கண் கலங்கிவிட்டது.

"அப்படியாங்க? சித்திரைக்குக் கூரை போடப் போறோம். தகரம் குடுத்தவங்க, மணி குடுத்தவங்க பேரெல்லாம் உபயம்னு எழுதப் போறோம். சாமியையே குடுத்தவரு பேர எழுத வேணாமா?"

"எழுதத்தான் வேணும் அம்மா. முதல் வரியில பெரிசா எழுதுங்கோ. அவர் வந்து திரையை இழுக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் கையில் இருந்த பிளேன்ரீயை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன்னைக் கட்டின எனக்கு ஆர் உபயம் எழுதுறது?" என்று கேட்டார்.

அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தர்மபுரப் பக்கம் ஒரு கோவிலில் உங்களைக் கௌரவிக்க நிற்கினம், நீங்கள் முன்னம் செய்த உபகாரத்துக்கு என்றேன். என்ன உபகாரம் என்று அவர் கேட்கவில்லை. கௌரவிப்புக்குப் பழகிய ஆட்கள் காரணம் கேட்பதில்லை. "உம்மட வீட்டையும் வந்திட்டுப் போறன்" என்றார்.

சித்திரைப் பரணி அன்று வெள்ளை வேட்டியோடு வெள்ளை வான் வண்டியில் வந்து இறங்கினார். ரோட்டோரம் நல்ல சனம். புதுத் தகரக் கூரை வெயிலில் மின்னியது. வைரவருக்கு வடைமாலை கோத்துத் தயாராக இருந்தது. கடைக்காரம்மா அவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கும்பிட்டா.

"சேர் இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பார்" என்று என்னிடம் சொன்னார்.

"ஓம் அண்ணா" என்றேன்.

முதல் குடத் தண்ணீரை அவர்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். ஊற்றினார். எண்ணெயும் சந்தனமும் வழிந்து போயின. இரண்டாவது குடத்தைத் தூக்கினவரின் கை அப்படியே நின்றது. மெதுவாகக் குனிந்தார். இலக்கம் தலைகீழாக இருந்ததால் கழுத்தை நன்றாகத் திருப்பி, கன்னம் கல்லில் முட்டுகிற மாதிரி வளைந்துதான் வாசிக்க வேண்டியிருந்தது. என்ன பக்தி என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்தார். நிபுணர் அல்லவா, அந்த நேரத்திலும் வாயில் வந்தது அதுதான்.

"தலைகீழா வைச்சிருக்கினம்" என்றார், எனக்கு மட்டும் கேட்க.

"நிமிர்த்தி வைச்சிட்டுப் போயிருக்கலாமே அண்ணா" என்றேன்.

திரையை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தார். நீலப் பலகையில் மஞ்சள் எழுத்து. முதல் வரி: மூலவர் உபயம். அதன் கீழே கலாநிதிப் பட்டத்தோடு அவருடைய பெயர். கூரைத் தகரமும் மணியும் குத்துவிளக்கும் அதற்குக் கீழேதான். ஒலிபெருக்கிக்காரர் உரக்க வாசித்துவிட்டு, மூலவரைத் தந்த ஐயா எப்படித் தந்தார் என்று இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

"அந்தக் காலத்தில... ஒரு இக்கட்டான நேரத்தில... இந்தக் கல்லை இதில வைக்க வேண்டி வந்தது" என்றார்.

"ஏன் எண்டும் சொல்லுங்கோ அண்ணா. சனம் கேட்க ஆசையா நிக்குது" என்றேன் நான்.

ஒலிவாங்கி கீச்சிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ட்ராக்டர் பெட்டியில இடம் காணேல்ல. வீட்டுச் சாமான் ஏத்த வேண்டி இருந்தது."

"அந்தக் கண்ணாடி பீரோதானேங்க!" என்று கடைக்காரம்மா சந்தோசத்தில் சத்தமாகச் சொன்னா. "அதுலதாங்க என் மொகத்தப் பாத்தேன்! நீங்க மட்டும் எறக்கலேன்னா எங்களுக்குச் சாமி ஏதுங்க? நல்லா இருக்கணும் சாமி நீங்க." அழுதுகொண்டு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினா.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனம் முகம் சுழிக்கும், யாராவது ஒருவராவது சீ என்பார் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அங்கே நின்ற எல்லாரும் அந்த ரோட்டில் எதையோ இறக்கிவிட்டு வந்தவர்கள். ஒரு கிழவர் அவரைக் கும்பிடவும் செய்தார். நான் மாதக் கணக்கில் சமைத்ததை இவர்கள் வாழ்த்துப் பாடிக் கெடுக்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். பேசியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த அம்மா கையை விடாமல் நன்றி சொல்லச் சொல்ல, மாலைக்குள் அவருடைய தலை கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஆறியது.

ஆலைக்குக் கூட்டி வந்தேன். ஆவண அறையில் கதிரை போட்டு, அப்பாவின் பதிவை முன்னால் விரித்து, பேனை கொடுத்தேன். கல்லில் உள்ளது தன் கையெழுத்து, கல் அந்தத் துளையின் அந்த ஆழத்துக் கல், பதிவு பொருந்துகிறது, கல் எங்கே எப்படி இறக்கப்பட்டது என்று ஒன்றும் விடாமல் எழுதினார். ஏழுக்கு நடுவில் கோடு போட்டார். கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை மூடினார்.

"சேருக்குத் தெரியுமா?"

"இல்ல. சாகும் வரைக்கும் ஷெல் எண்டுதான் நம்பினவர். இருந்திட்டு இருந்திட்டுச் சொல்லுவார், அந்த நேரம் நீங்கள் பெட்டிக்குக் கிட்ட நிண்டிருந்தா என்ன ஆகியிருக்கும் எண்டு. கல்லுக்குக் கவலைப்பட்டதைவிட உங்களுக்குத்தான் கூடக் கவலைப்பட்டவர்."

அழுதார். இந்த முறை நடிப்பில்லை என்று தெரிந்தது. முகம் துடைக்கத் துணி தேடினார். எங்கள் வீட்டில் துவாய் நிறைய இருக்கிறது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. சாரமும் கொடுக்கவில்லை.

காப்பகம் அப்பாவின் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. இப்போது பரல்கள் எல்லாம் அங்கே குளிரூட்டிய அறையில் இருக்கின்றன. என் உமிச்சாம்பல் முடிச்சுகளைச் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்கள். கல்லை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. சாமியை எடுக்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. காப்பகத்தார் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அளந்து, படம் எடுத்து, தங்கள் அட்டவணையில் அந்தக் கல் இருக்கும் இடத்தைப் பதிந்தார்கள். மற்றவற்றுக்கு அறையும் தட்டும் போட்டிருக்கிறது. இதற்கு மட்டும் 'வைரவர் கோவில், மருத மரத்தடி' என்று இருக்கிறது.

சில மாதத்தில் அண்ணா தொலைபேசி எடுத்தார். அந்த ரோட்டால் போகிறவர்கள் எல்லாம் பெயரைக் கண்டுவிட்டு எடுத்துக் கேட்கிறார்களாம், வைரவரை எப்படிக் கொடுத்தீர்கள் என்று. கடைக்காரம்மா தேத்தண்ணி குடிக்க நிற்கிற ஒவ்வொருவருக்கும் அலுமாரியில் இருந்து தொடங்கி முழுக் கதையையும் சொல்லுகிறாவாம்.

"அந்தப் பேரை எடுத்துவிடச் சொல்லும் தங்கச்சி."

"கோவில்ல எழுதின உபயத்தை அழிக்கப்படாது அண்ணா. உங்களுக்குத்தான் கூடாது" என்றேன்.

பெயர் இருக்கிறது. அதோடு மூலவர் உபயகாரர் இல்லாமல் மடை வைத்துப் படைக்கக் கூடாது என்று அந்த அம்மா பிடிவாதம். சித்திரை பிறந்தவுடன் அவரை அழைத்துவிடுவா. மறுக்க அவருக்கு முகம் இல்லை. இந்த வருசமும் வந்தார். வானை மரத்துக்குத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

நான் ஒரு சின்னச் சிவப்புப் பெயின்ற் ரின்னும் தூரிகையும் கொண்டு போயிருந்தேன். வருசா வருசம் எண்ணெயும் சீயக்காயும் பட்டால் இலக்கம் அழிந்துவிடும். இலக்கம் அழிந்த கல் வெறும் கல். இப்போது அது காப்பகத்தின் சொத்து, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

"உங்கட எழுத்துத்தானே. மற்ற ஆக்கள் எழுதினாச் சரிவராது" என்று கையில் கொடுத்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தார். தலைகீழாக எழுத வேண்டும், கழுத்தை வளைத்தார். ஏழுக்கு வரும்போதே மூச்சு வாங்கியது. பெயின்ற் விரலில் வழிந்தது. சனம் கைகூப்பிக்கொண்டு நின்றது.

"குறுக்குக் கோட்டையும் போடுங்கோ அண்ணா" என்றேன்.

போட்டார். அதற்குப் பிறகுதான் மடை வைத்தார்கள். எனக்கு அன்று நல்ல பசி. வடைமாலையை அறுத்துப் பங்கு வைத்தபோது இன்னும் இரண்டு வடை கேட்டு வாங்கி, பெயின்ற் காய்கிற வரைக்கும் அங்கேயே நின்று சாப்பிட்டேன்.